மதுபான உரிமம் கேட்கும் முன் கடை வாசலில் நின்று பாருங்கள்: கோலாலம்பூர், பினாங்கு வணிகர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிக்பீல்ட்சிலோ செந்தூலிலோ ஒரு வாழையிலை உணவகம் திறந்து, மாலையில் பியரும் கொடுக்கலாம் என்று திட்டமிடும் எவரும் முதலில் கேட்பது, “லைசென்ஸுக்கு எவ்வளவு செலவாகும்?” என்பதுதான். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ கேட்க வேண்டிய கேள்வி. முதலில் செய்ய வேண்டியது, வாடகைக்கு எடுக்க நினைக்கும் கடையின் வாசலில் நின்று, எதிரிலும் இரு பக்கங்களிலும் என்னென்ன கட்டடங்கள் இருக்கின்றன என்று பார்ப்பது. மலேசியாவில் மதுபான விற்பனை தொடர்பான விண்ணப்பங்கள் பலவும் பணத்தால் அல்ல, இடத்தால்தான் தடுக்கப்படுகின்றன. இடம் ஒத்துவராத கடைக்கு எத்தனை ஆவணங்களைத் திரட்டினாலும் பயனில்லை.

தமிழ்நாட்டுச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்கள், 2003 முதல் சில்லறை விற்பனையை அரசே டாஸ்மாக் கடைகள் வழியாக நடத்தும் முறையை மனத்தில் வைத்துக்கொண்டு இங்குள்ள நிலையைப் புரிந்துகொள்ள முயல்வதுண்டு. இங்கு அப்படியில்லை. விற்பவர் தனியார், அவருக்கு உரிமம் தருவது ஓர் அமைப்பு, கடையை நடத்த அனுமதிப்பது இன்னோர் அமைப்பு, எந்த வயதினருக்கு விற்கலாம் என்று சொல்வது வேறொரு சட்டம். இந்த அடுக்குகளைத் தெரிந்துகொண்டால் எந்த அலுவலகத்தில் எதைக் கேட்பது என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

எந்தச் சட்டம் எதைக் கட்டுப்படுத்துகிறது

மதுபானத்தின் மீதான கலால் வரி கூட்டரசின், அதாவது மத்திய அரசின், கையில் இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் கலால் சட்டமும் அதன்கீழ் 1977இல் வந்த விற்பனை விதிமுறைகளும் நாடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால் அந்தச் சட்டத்தின்கீழ் உரிமம் வழங்கும் வாரியங்கள் அந்தந்த வட்டாரத்துக்கென அமைக்கப்படுகின்றன. ஆகவே ஒரே சட்டம் ஊருக்கு ஊர் வேறு முகம் காட்டுகிறது. ஊராட்சி நிர்வாகம் மாநிலங்களின் பொறுப்பில் வருவதால், வணிக உரிமமும் கட்டடப் பயன்பாடும் மாநிலத்தின் போக்கைப் பொறுத்தே அமையும். 1990 முதல் இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆளும் கிளந்தானில் மதுபானம் விற்பதற்கு இருக்கும் நெருக்கடியைப் பினாங்கில் காண முடியாது. கோலாலம்பூரோ 1974 முதல் கூட்டரசுப் பிரதேசம். அங்கு மாநில ஆட்சியும் இல்லை, சட்டமன்றமும் இல்லை. மாநகர் மன்றமும் கூட்டரசும் எடுக்கும் முடிவே இறுதியானது.

நம்மவர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மாநிலங்களுக்குரிய வருவாய் இனங்களைப் பட்டியலிடும் பத்தாவது அட்டவணையின் மூன்றாம் பகுதியில், நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றுக்கும் முன்பாக முதல் இனமாக இடம்பெற்றிருப்பது கள்ளுக்கடை வருமானம். தோட்டப்புறத் தமிழர்கள் குடித்த கள்ளிலிருந்து கிடைத்த பணத்துக்கு அந்நாளைய நிர்வாகத்தில் எவ்வளவு இடம் இருந்தது என்பதற்கு அந்த ஒற்றை வரியே சான்று. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதனும் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கமும் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒன்று. மதுபானம் எங்கே விற்கப்படலாம் என்ற கேள்வியை இந்நாட்டுத் தமிழர்கள் பிறருக்கு முன்பே, தெருவில் இறங்கிக் கேட்டிருக்கிறார்கள். கள் விற்க நினைப்பவர் அது பியருக்கான உரிமத்தில் அடங்கிவிடும் என்று கருதாமல், அதைத் தனியாகக் குறிப்பிட்டே விசாரிக்க வேண்டும்.

உங்கள் கடை எந்த வகையைச் சேர்ந்தது

உரிமங்கள் விற்பனை முறையைப் பொறுத்துப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. எல்லா வகை மதுவையும் கடைக்குள்ளேயே அமர்ந்து அருந்தக் கொடுப்பதற்குப் பொது மதுக்கூட உரிமம். பியர் மட்டும் கொடுப்பதற்குப் பியர்க்கூட உரிமம். இவை இரண்டிலும் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்ற பிரிவுகள் உண்டு. மூடிய புட்டிகளாக வாங்கிச் செல்லும் வகையில் விற்கும் மளிகைக் கடைகளுக்கும் அங்காடிகளுக்கும் சில்லறைக் கடை உரிமம். கடைகளுக்கு மொத்தமாக விநியோகிப்பவர்களுக்கு மொத்த வியாபார உரிமம். விண்ணப்பத்தில் வகையைத் தவறாகக் குறிப்பிட்டால், உரிமம் கிடைத்த பிறகும் சிக்கல் தொடரும். சில்லறை உரிமம் பெற்ற மளிகைக் கடைக்காரர் வாசலில் இரண்டு மேசைகளைப் போட்டு, வாங்கிய பியரை அங்கேயே குடிக்க விடுவது இதற்கு அன்றாட எடுத்துக்காட்டு. புட்டியை விற்பதற்கு மட்டுமே அவருக்கு அனுமதி. மேசை போட்ட கணத்தில் அவர் வேறொரு வகை வணிகத்துக்குள் போய்விடுகிறார்.

கோப்பிக்கடைகளின் நிலை சற்று வேறு. 2018 தொடக்கத்திலிருந்து கோப்பிக்கடைகளும் சீன உணவகங்களும் பியர் விற்கத் தனி உரிமம் பெற வேண்டியிருக்கும் என்ற பேச்சு 2017 இறுதியில் எழுந்து, வணிகர் சங்கங்கள் எதிர்த்ததும், அது தேவையில்லை என்று அமைச்சரவை முடிவெடுத்தது. இதைக் காட்டி, “சாப்பாட்டுக் கடைதானே, பியருக்கு லைசென்ஸ் வேண்டாம்” என்று நம்மவர்களிடையே பலர் உறுதியாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சை மட்டும் நம்பிக் குளிர்பெட்டியை நிரப்புவது அறிவுடைமையன்று. உங்கள் உணவகம் அந்த விலக்குக்குள் வருகிறதா என்பதை உரிமப் பிரிவிலும் சுங்கத்துறையிலும் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். விஸ்கி, பிராந்தி, மலிவுச் சாராயமான சம்சு போன்ற கடுமதுவுக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

கோலாலம்பூர் மாநகர் மன்றம் 2020 நவம்பரில் அறிவித்த மதுபான உரிம வழிகாட்டியின்படி, மதுபானம் விற்கும் கடை காவல் நிலையம், வழிபாட்டுத் தலம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றுக்கு நேர் எதிரே இருக்கக் கூடாது. எழுத்தில் எளிதாகத் தோன்றும் இந்த நிபந்தனை, பிரிக்பீல்ட்ஸ் போன்ற ஒரு பகுதியில் எவ்வளவு இறுக்கமானது என்பதை அங்கு ஒருமுறை நடந்து பார்த்தால் உணரலாம். ஸ்காட் சாலையில் ஸ்ரீ கந்தசுவாமி கோயில், ஜாலான் பெர்ஹாலாவில் பௌத்த மகா விகாரை, ஜாலான் துன் சம்பந்தனில் விவேகானந்தா ஆசிரமம், இவற்றுக்கிடையே தேவாலயங்கள், மசூதி, பள்ளிகள் என்று வழிபாடும் கல்வியும் நெருங்கி நிற்கும் வட்டாரம் அது. வழிபாட்டுத் தலம் என்றால் மசூதி மட்டும்தான் என்று எண்ணுபவர்கள் உண்டு. கோயிலும் தேவாலயமும் விகாரையும் அந்தச் சொல்லுக்குள் அடங்கும். கோயில் நிர்வாகம் எதிர்ப்புக் கடிதம் கொடுத்தால் அதற்கும் எடை உண்டு. கோயில் வாசலில் மதுக்கடை வேண்டாம் என்று மனுக் கொடுப்பவர்களும், அடுத்த தெருவில் மதுபான உரிமம் கேட்பவர்களும் ஒரே சமூகத்தினராக இருப்பது நமக்குப் புதிதல்லவே.

ஆகவே கடையைப் பார்க்கப் போகும்போது, வாசலிலிருந்து நான்கு திசைகளிலும் தெரிவதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்க்கட்டடத்தின் மேல்மாடிகளையும் கவனியுங்கள். தரைத்தளத்தில் துணிக்கடை இருக்க, மேல்மாடியில் பாலர் பள்ளியோ சூரா எனப்படும் சிறு தொழுகைக்கூடமோ இயங்கக்கூடும். அந்தக் கடைவீட்டுக்கு மாநகர் மன்றம் எந்தப் பயன்பாட்டை ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். முன்பு அங்கே மதுபானம் விற்ற கடை இருந்தது என்று தரகர் சொன்னால், அது எந்த ஆண்டில், எந்த வகை உரிமத்தோடு என்று கேட்பது நல்லது. 2020க்கு முந்தைய அனுமதி இன்றைய விண்ணப்பத்துக்கு உத்தரவாதம் ஆகாது.

பினாங்கில் ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவைச் சுற்றிக் கடை தேடுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் மசூதியைச் சுற்றியுள்ள பகுதியில் வக்ஃபு நிலங்கள், அதாவது இஸ்லாமிய அறப்பணிக்கென ஒப்படைக்கப்பட்ட நிலங்கள், உள்ளன. கடை நிற்கும் நிலம் வக்ஃபு நிலமாக இருந்தால் அங்கே மதுபானத்துக்கு இடமில்லை. உரிமம் பற்றிய கேள்வியே எழாது. நில உரிமையாளர் யார் என்பதை நில அலுவலகத்தில் தேடிப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். குயின் தெருவின் மகா மாரியம்மன் கோயில், பிட் தெருவின் கருணைத் தேவி கோயில், கப்பித்தான் கெலிங் மசூதி, செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் ஆகியவை எல்லாம் சில நிமிட நடைத் தொலைவுக்குள் இருப்பதால், அந்தப் பகுதியில் எதிரே எதுவும் இல்லாத கடை கிடைப்பதே அரிது. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாரம்பரிய எல்லைக்குள் கடை இருந்தால், முகப்பையோ உள்கட்டமைப்பையோ மாற்றுவதற்குத் தனி ஒப்புதலும் வேண்டும். மதுக்கூடத்துக்காகப் பழைய சுவரை இடித்துவிட்டுப் பிறகு அனுமதி கேட்கப் போனால், இரண்டு அலுவலகங்களில் பதில் சொல்ல நேரும்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் ஒரு நிபந்தனையை வற்புறுத்திச் சேர்க்க வேண்டும்: மதுபான உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குள் கிடைக்காவிட்டால், அபராதமின்றி ஒப்பந்தத்திலிருந்து விலகலாம், முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்று அது இருக்க வேண்டும். உரிமம் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். உரிமையாளர் இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்ள மறுத்தால், அந்தக் கடையைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஏதோவொன்று உங்களுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். கட்டடத்தில் மதுபானம் விற்பதற்குத் தமக்கு மறுப்பில்லை என்ற கடிதத்தையும் அவரிடமிருந்து அப்போதே பெற்றுக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம்

முதலில் நிறுவனத்தை மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிவு செய்து, பிறகு கடைக்கான வணிக உரிமத்தைப் பெற வேண்டும். கோலாலம்பூரில் இது 2016ஆம் ஆண்டின் வணிக, தொழில் உரிமத் துணைச்சட்டத்தின்கீழ் மாநகர் மன்றம் வழங்குவது. மதுபான உரிமம் அதன்மேல் வருவது. வணிக உரிமம் இல்லாத முகவரிக்கு மதுபான உரிமம் கேட்பதில் பொருளில்லை. கோலாலம்பூரில் மதுபான உரிமத்தை முடிவு செய்வது கலால் உரிம வாரியம். விண்ணப்பத்தை மாநகர் மன்றத்தின் உரிமப் பிரிவில் கொடுக்க வேண்டும்.

பினாங்கில் வழி வேறு. வணிக உரிமத்துக்குத் தீவில் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தையும், பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றத்தையும் நாட வேண்டும். மதுபான உரிமத்துக்கோ மாவட்ட, நில அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். மாநிலத்தில் ஐந்து மாவட்டங்கள் இருப்பதால், கடை எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அலுவலகம் மாறும். பாலிக் புலாவ்காரர் தென்மேற்கு மாவட்ட அலுவலகத்துக்கும், ஜார்ஜ்டவுன்காரர் வடகிழக்கு மாவட்ட அலுவலகத்துக்கும் போக வேண்டும்.

எங்கு விண்ணப்பித்தாலும் வழக்கமாகக் கேட்கப்படுபவை நிறுவனப் பதிவு ஆவணங்கள், உரிமையாளர்களின் அடையாள அட்டைப் படிகள், வாடகை ஒப்பந்தம், வணிக உரிமம், கடையின் உள்வரைபடம், சுற்றுப்புறத்தைக் காட்டும் வரைபடம், கடையின் உள்ளும் புறமும் எடுத்த படங்கள் ஆகியவை. இவற்றில் பலரும் அலட்சியம் செய்வது வரைபடத்தைத்தான். மதுபானம் எங்கே வைக்கப்படும், பணம் செலுத்தும் முகப்பு எங்கே, வாடிக்கையாளர் அமரும் இடம் எது என்பதைத் தெளிவாகக் காட்டும் வரைபடம் இருந்தால், கடையைப் பார்வையிட வரும் அதிகாரிக்குக் கேள்வி குறையும். வரைபடத்தில் இல்லாத மேசையைப் பின்னர் கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் போட்டால், அந்த வரைபடமே உங்களுக்கு எதிரான சாட்சியாகும். காவல்துறை போன்ற பிற துறைகளின் கருத்தும் கேட்கப்படுவதால், குற்றப் பதிவு உள்ளவரின் பெயரில் விண்ணப்பிப்பதைத் தவிர்ப்பது நல்லது.

இடைத்தரகரை அமர்த்துவது தவறில்லை. படிவங்களை ஒழுங்காக நிரப்பித் தருபவர்களுக்குக் கூலி கொடுக்கலாம். ஆனால் “உள்ளே ஆள் இருக்கிறது, கொஞ்சம் காப்பிக்காசு கொடுத்தால் முடிந்துவிடும்” என்று அவர் சொன்னால் அங்கேயே எழுந்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின்கீழ் கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள். தரகர் வழியாகக் கொடுத்தேன் என்பது விலக்காகாது.

நேரம்

கோலாலம்பூரில் மளிகைக் கடைகள், வசதிக் கடைகள், சீன மருந்துக் கடைகள் ஆகியவை கடுமது விற்பதற்கு, முன்சொன்ன 2020 அறிவிப்பின் தொடர்ச்சியாக 2021இன் இறுதியில் தடை வந்தது. பியரை அவை காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டுமே விற்கலாம். அதுவும் மற்றப் பானங்களிலிருந்து பிரித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். மருந்துக் கடைகள் மது கலந்த மரபு மருந்துகளை விற்பதற்கு இடம் விடப்பட்டது. இரவு 9 மணி ஆனதும் பியர் இருக்கும் குளிர்பெட்டியைப் பூட்டவோ திரையிட்டு மூடவோ செய்யுங்கள். பணப்பெட்டி மென்பொருளில் அந்தப் பொருள்களுக்கு நேரத்தடை போட முடிந்தால் போட்டுவிடுங்கள். 8.55க்கு வரிசையில் நின்றவர் 9.03க்குப் பணம் கட்டினால் ரசீதில் அச்சாவது 9.03 என்பதை ஊழியருக்குச் சொல்லி வையுங்கள். சோதனைக்கு வருபவர் வரிசையைப் பார்ப்பதில்லை, ரசீதைத்தான் பார்ப்பார்.

இந்த விதி வந்தபோது, முஸ்லிம் அல்லாதவர்களின் உரிமையில் கைவைப்பதாக அரசியல் கட்சிகள் சில கண்டித்தன. சிறு கடைக்காரர்கள் வருமான இழப்பைச் சொல்லிப் புலம்பினார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. குடிப்பவர் குடிக்காமல் இருக்கப் போவதில்லை, மளிகைக் கடையில் வாங்கியதைப் பேரங்காடியில் வாங்கப் போகிறார். ஆனாலும் மலிவு விலைச் சம்சு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழேயே, பால்மாவும் பிஸ்கட்டும் விற்கும் அதே கடையில் சிறு புட்டிகளில் கிடைத்ததால் நம் குடும்பங்கள் பட்ட பாட்டை அறிந்தவன் என்ற முறையில், அந்தத் தடையை முழுவதுமாகக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல்லாண்டுகளாகச் சம்சுவுக்கு எதிராகப் பேசி வந்ததும் இதே காரணத்தால்தான். ஆனால் தடையின் நியாயத்தைக் கடைக்காரருக்குப் புரியும் மொழியில் எடுத்துச் சொல்லி, மாற்று வியாபாரத்துக்கு அவகாசம் கொடுத்திருந்தால் இவ்வளவு கசப்பு இருந்திருக்காது. கோலாலம்பூரின் இந்த வழிகாட்டி பினாங்குக்குப் பொருந்தாது. அங்குள்ள மளிகைக் கடைக்காரர் தம்முடைய உரிமத்தில் எழுதியிருக்கும் நிபந்தனைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உணவகத்துக்கும் மதுக்கூடத்துக்கும் நேரம் அவற்றின் வகுப்பைப் பொறுத்தது. உரிமத் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் நேரத்தைப் பெரிதாக எழுதிச் சமையலறையிலும் முகப்பிலும் ஒட்டி வையுங்கள். கரோக்கே, மேடை இசை, டிஜே போன்றவை இருந்தால் கேளிக்கை உரிமமும் தேவை. அது கோலாலம்பூரில் 1992ஆம் ஆண்டின் கேளிக்கைச் சட்டத்தின்கீழும், பினாங்கில் 1998ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்கீழும் வருவது. மதுபான உரிமத்தின் நேரமும் கேளிக்கை உரிமத்தின் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டு நள்ளிரவுக்குப் பிறகும் தொடரலாம் என்றிருந்தாலும், மது ஊற்றுவதை முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கலாம். எது முந்தி முடிகிறதோ அதையே கடைசி மணியாகக் கொள்ளுங்கள்.

யாருக்கு விற்கலாம், யார் விற்கலாம்

2017 டிசம்பர் 1 முதல், மதுபானம் வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18இலிருந்து 21ஆக உயர்த்தப்பட்டது. இது கலால் சட்டத்தில் அல்ல, 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளில் இருப்பதால், இதைக் கண்காணிப்பது சுகாதார அமைச்சு. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்பனை இல்லை என்ற அறிவிப்பை விற்பனை முகப்பில் வைக்க வேண்டும். இளையவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டையைக் கேட்கும் பழக்கத்தை ஊழியருக்குக் கற்றுக்கொடுங்கள். மைகார்டு எனப்படும் அந்த அட்டையின் எண்ணில் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருப்பதால், முகப்பில் இன்றைய தேதியிலிருந்து 21 ஆண்டு கழித்த தேதியை ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டால் கணக்குப் போட வேண்டியதில்லை. “அப்பாவுக்கு வாங்கிட்டு வரச் சொன்னாரு” என்று வரும் பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் கடைக்காரர்கள் பெரும்பாலும் தளர்ந்துபோகிறார்கள். அப்பாவே வரட்டும்.

முஸ்லிம்கள் தொடர்பான விதி ஷரியா சட்டத்தில் இருக்கிறது. கூட்டரசுப் பிரதேசங்களுக்கான 1997ஆம் ஆண்டின் ஷரியா குற்றவியல் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, கடையிலோ பொது இடத்திலோ மது அருந்தும் முஸ்லிமுக்கு 3,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். மதுவைத் தயாரிக்கும், விற்கும், வைத்திருக்கும், வாங்கும் முஸ்லிமுக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். இச்சட்டம் முஸ்லிம் அல்லாத கடைக்காரரைத் தண்டிப்பதில்லை. ஆனால் அவரிடம் வேலை பார்க்கும் முஸ்லிம் ஊழியரை அது எட்டும். நம் உணவகங்களில் தமிழ் முஸ்லிம்களும், வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள்; பியர் புட்டியை மேசைக்கு எடுத்துச் செல்லுமாறு அவர்களிடம் சொல்வது அவர்களைச் சட்டத்தின் முன் நிறுத்துவதாகும். மது பரிமாறுபவர் யார் என்பதை வேலை அட்டவணையிலேயே எழுதிப் பிரித்துவிடுங்கள். பினாங்கில் இதற்கு 1996ஆம் ஆண்டின் மாநிலச் சட்டம் உண்டு. மதுபானம் விற்கும் கடைக்கு இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் சான்றிதழ் கிடைக்காது என்பதால், வாடிக்கையாளர்களில் எந்தப் பகுதியினரை இழக்கப் போகிறீர்கள் என்ற கணக்கையும் முன்கூட்டியே போட்டுப் பாருங்கள். அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் மதிய உணவு வியாபாரம் செய்பவருக்கு மாலைப் பியரின் இலாபம் அந்த இழப்பை ஈடுகட்டுவது கடினம்.

சரக்கு வாங்குதல்

உரிமம் பெற்ற மொத்த வியாபாரியிடமே வாங்கி, ஒவ்வொரு விலைச்சீட்டையும் கோப்பில் சேருங்கள். மதுப் புட்டியில் சுங்கத்துறையின் வரி முத்திரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் அது கடத்தல் சரக்காகவோ கலப்படமாகவோ இருக்கலாம். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவால் பலர் உயிரிழந்தார்கள். இறந்தவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். லங்காவியில் வரியின்றி வாங்கி வந்த புட்டியைக் கடையில் வைத்து விற்பதும் குற்றம்தான்.

திருமணமும் பொது நிகழ்ச்சியும்

வீட்டில் விருந்தினருக்கு இலவசமாகக் கொடுப்பது விற்பனையாகாது. நுழைவுச்சீட்டு விலைக்குள் இரண்டு குவளை பியரைச் சேர்த்துக் கொடுப்பது விற்பனைதான். ஆண்டு விருந்து நடத்தும் சங்கங்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஹோட்டலில் திருமண விருந்து வைத்தால் ஹோட்டலின் உரிமமே போதும். ஆனால் வெளியிலிருந்து புட்டிகளைக் கொண்டுவருவதற்கு ஹோட்டல் தனிக் கட்டணம் கேட்கும். அதை ஒப்பந்தம் போடும்போதே பேசி முடியுங்கள். கோயில் மண்டபத்திலும் ஊராட்சி மன்றப் பொது மண்டபத்திலும் மதுவை எதிர்பார்க்காதீர்கள். வாகன நிறுத்துமிடத்தில் காரின் பின்பெட்டியைத் திறந்து வைத்து நடத்தும் ‘தனி விருந்து’ மண்டபப் பிணைத்தொகையை இழக்கவே வழி செய்யும்.

பொது இடத்தில் மதுபான நிகழ்ச்சி நடத்துவது வேறொரு தளத்துக்குரிய சிக்கல். 2017 அக்டோபரில் கோலாலம்பூரில் நடக்கவிருந்த கைவினைப் பியர் விழாவுக்கு மாநகர் மன்றம் அனுமதி மறுத்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதே விழா நடந்திருந்தது. சென்ற ஆண்டு நடந்தது என்பதை நம்பி நுழைவுச்சீட்டு விற்கத் தொடங்க வேண்டாம். அனுமதிக் கடிதம் கையில் வந்தபின் விளம்பரம் செய்யுங்கள்.

நிகழ்ச்சியானாலும் கடையானாலும், குடித்தவர் வீடு திரும்பும் வழியையும் யோசித்து வைக்க வேண்டியிருக்கிறது. 2020 அக்டோபர் 23 முதல், வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் இருக்கக்கூடிய மதுவின் உச்ச அளவு 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைக்கப்பட்டது. மீறி ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 முதல் 30,000 ரிங்கிட் வரை அபராதமும் இரண்டாண்டு வரை சிறையும் உண்டு. உயிரிழப்பு ஏற்பட்டால் 10 முதல் 15 ஆண்டு வரை சிறை. வாடகைக் கார் அழைக்கும் செயலியின் குறியீட்டை மேசையில் ஒட்டி வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

புதுப்பித்தலும் கைமாற்றமும்

உரிமம் காலவரை கொண்டது. முடியும் நாளைக் குறித்து வைத்து, அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். காலாவதியான உரிமத்தை வைத்துக்கொண்டு, “மனு போட்டாச்சு” என்று சொல்லி விற்பதற்கு இடமில்லை. புதுப்பிக்கும்போது சுற்றுப்புறம் மாறியிருக்கிறதா என்று மீண்டும் பார்க்கப்படலாம் என்பதால், உங்களுக்குப் பிறகு எதிரே வந்த பாலர் பள்ளியையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

கடையை விலைக்கு வாங்குபவர்களிடம், “லைசென்ஸும் சேர்த்துத்தான் இந்த விலை” என்று விற்பவர்கள் சொல்வது வழக்கம். மதுபான உரிமம் ஒருவரின் பெயருக்கும் ஒரு முகவரிக்கும் கட்டுப்பட்டது. சாவியைக் கொடுப்பதுபோல் கைமாற்றிவிட முடியாது. பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கும் உரிமத்தை வைத்துக்கொண்டு புதியவர் வியாபாரம் நடத்தினால், சோதனை வரும் நாளில் இருவருக்கும் சிக்கல்தான். கடைக்கான விலையையும் உரிமத்துக்கென்று கேட்கும் தொகையையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்; இரண்டாவது தொகையை, வாரியம் உங்கள் பெயரில் உரிமம் வழங்கிய பிறகே கொடுப்பதாக ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.